துடைக்கும் முன் ஊதுங்கள்!

சில ஆண்டுகளுக்கு முன் திண்டுக்கல்லில் உள்ள என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவர் மகன் ஒரு பழைய காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். “சித்தப்பா, லென்ஸுக்குள்ளே சிலந்தி கூடு கட்டியிருக்கு, பாருங்க!” என்றான்.

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவன் சொன்னதில் தவறில்லை. கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூல்கள் கிளைவிட்டுப் பரவியிருந்தன. ஆனால் அது சிலந்தியின் வேலை அன்று, பூசணம். அதோடு முன்பக்கக் கண்ணாடி முழுவதும் மெல்லிய கீறல்கள் வட்டம் வட்டமாக ஓடின.

என் அண்ணன் பொருள்களைப் பேணத் தெரியாதவர் அல்லர். ஒவ்வொரு முறை படம் எடுப்பதற்கு முன்பும் வேட்டி நுனியால் லென்ஸைப் பளபளவென்று துடைப்பார். எடுத்து முடித்ததும் தோல் உறையில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். திண்டுக்கல் பூட்டுத்தான், சந்தேகம் வேண்டாம்! அந்த இரண்டும்தான் காமிராவைக் கெடுத்தன. துடைத்ததால் கீறல் வந்தது. பூட்டி வைத்ததால் பூசணம் வந்தது. எப்படி என்று பார்ப்போமா?

மலைக்கோட்டையும் லென்ஸும்

திண்டு போன்ற பெரிய கல்லின் மேல் நிற்கும் மலைக்கோட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், படத்திலாவது பார்த்திருப்பீர்கள். திண்டுக்கல் வட்டாரத்தின் அடிப்பாறைகள் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் என்னும் மிகப் பழமையான கடினப் பாறைகள். வெயிலும் மழையும் காற்றும் பல லட்சம் ஆண்டுகளாக இப்பாறைகளைப் பொடியாக்கி வருகின்றன. சாலையில் லாரி போனால் எழும் புழுதியும், ஆடிக் காற்று ஜன்னல் வழியே கொண்டுவந்து மேசையில் கொட்டும் தூசும் அந்தப் பாறைகளின் பேரப்பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

இந்தத் தூசில் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் துகள்களும், ஃபெல்ஸ்பார் என்னும் தாதுவின் துகள்களும் உண்டு. 1812இல் ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் தாதுக்களைக் கடினத்தன்மைப்படி வரிசைப்படுத்தினார். எது எதைக் கீறுகிறது என்பதுதான் அவருடைய சோதனை. மிக மென்மையான டால்க்குக்கு 1; வைரத்துக்கு 10. அந்த வரிசையில் ஃபெல்ஸ்பாருக்கு 6, குவார்ட்ஸுக்கு 7. சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 5.5தான். லென்ஸ் செய்யப் பயன்படும் கண்ணாடிகளில் சில இதைவிடவும் மென்மையானவை.

இப்போது கணக்குப் புரிகிறதல்லவா? வேட்டி நுனி கண்ணாடியைக் கீறுவதில்லை. வேட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையே அகப்பட்ட மணல் துகள்தான் கீறுகிறது. வேட்டி அந்தத் துகளை அழுத்திப் பிடித்து, வட்டமாக இழுத்துச் செல்லும் கையாக மட்டும் பயன்படுகிறது. தச்சர் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளும் இதேதான். தாள் தேய்ப்பதில்லை, அதன்மேல் ஒட்டிய துகள்கள் தேய்க்கின்றன. போதாக்குறைக்கு, சலவை வேட்டியில் கஞ்சி வேறு இருக்கும். காய்ந்த மாவு கண்ணாடியில் படிந்தால் அது பூசணத்துக்குப் போட்ட விருந்து.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வேண்டாத கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், உடைந்தது வேண்டாம். அதன் ஒரு பக்கத்தை உலர்ந்த பஞ்சினால் ஐம்பது முறை தேயுங்கள். மறுபக்கத்தில் ஒரு சிட்டிகை மணல் தூவி, அதே பஞ்சினால் பத்து முறை தேயுங்கள். கழுவி, விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்து இரண்டு பக்கங்களையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அதன் பிறகு சட்டை நுனியால் லென்ஸைத் துடைக்க உங்களுக்கு மனம் வராது!

ஊதா நிறம் அழுக்கா?

லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவோ நீலமோ பச்சையோ ஒரு மினுமினுப்புத் தெரியும். எண்ணெய்ப் படலம் என்று நினைத்து அதைத் தேய்த்துத் தேய்த்து எடுக்கப் பார்த்தவர்களை நான் அறிவேன். அது அழுக்கு அன்று. விலை கொடுத்து வாங்கிய பூச்சு.

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரு லென்ஸ் குழலுக்குள் நான்கைந்து கண்ணாடிகள் இருந்தால், எட்டு பத்துப் பரப்புகளில் இப்படி ஒளி சிதறுகிறது. படம் மங்குகிறது. இதற்கு ஒரு விசித்திரமான வழியில் தீர்வு கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தைச் சேர்ந்த டென்னிஸ் டெய்லர் என்ற லென்ஸ் வல்லுநர், காலப்போக்கில் நிறம் மாறிப்போன பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கவனித்தார். பழுது என்று நினைத்தது பயனாக இருந்தது! பின்னர், 1935இல் ஜெர்மனியின் ஜெய்ஸ் தொழிற்கூடத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா, வெற்றிடத்தில் ஒரு பொருளை ஆவியாக்கிக் கண்ணாடியின் மேல் மெல்லிய படலமாகப் படியவைக்கும் முறையை உருவாக்கினார்.

இந்தப் பூச்சுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் பொருள் மெக்னீசியம் ஃபுளோரைடு. அதன் தடிமன் ஒளியின் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு இருந்தால், பூச்சின் மேற்பரப்பில் எதிரொளிக்கும் அலையும் அடிப்பரப்பில் எதிரொளிக்கும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பச்சை ஒளிக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 100 நானோமீட்டர் வரும். நம் தலைமுடியின் தடிமனில் இது சில நூறில் ஒரு பங்கு! பச்சை அழிந்துபோவதால் மிஞ்சிய சிவப்பும் நீலமும் கலந்து நமக்கு ஊதாவாகத் தெரிகிறது. மணலும் வேட்டியும் முதலில் தாக்குவது இந்தப் படலத்தைத்தான்.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது?

முதலில் காற்று. மருந்துக் கடையில் கிடைக்கும் ரப்பர் குமிழோ, காமிராக் கடையில் கிடைக்கும் ஊதுகுமிழோ போதும். புதிய ரப்பர் குமிழுக்குள் சில சமயம் வெள்ளைப் பொடி இருக்கும். நாலைந்து முறை வெளியே அமுக்கிப் போக்கிவிடுங்கள். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதினால், கிளம்பும் துகள்கள் தாமாகவே கீழே விழும். வாயால் ஊத வேண்டாம். எச்சில் துளிகள் தெறிக்கும். சாப்பிட்ட உடனே என்றால் கேட்கவே வேண்டாம்.

காற்றுக்கு அசையாத தூசை மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம். ஓவியர்கள் பயன்படுத்தும் அணில்முடித் தூரிகை போதும். ஆனால் அதை இந்த வேலைக்கென்றே தனியாக வைத்திருங்கள். அதன் முனையை விரலால் தொடாதீர்கள். விரலில் உள்ள எண்ணெய் தூரிகைக்கு ஏறி, தூரிகையிலிருந்து லென்ஸுக்கு இறங்கும்.

பத்தில் எட்டு முறை வேலை இத்துடன் முடிந்துவிடும். விரல் ரேகையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் மட்டுமே துடைக்க வேண்டும். அதற்கு லென்ஸ் தாள் அல்லது மூக்குக் கண்ணாடிக் கடைகளில் தரும் நுண்ணிழைத் துணி ஏற்றது. லென்ஸ் துடைக்கும் திரவத்தில் ஒன்றிரண்டு துளிகளைத் துணியில் விடுங்கள். லென்ஸின் மேல் நேராக விடக்கூடாது. விட்டால் திரவம் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். நடுவில் தொடங்கி, அழுத்தாமல், சுருள் சுருளாக ஓரத்தை நோக்கி வாருங்கள். ஓரத்தை அடைந்த துணிப்பகுதியை மீண்டும் நடுவுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். அது பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பெட்ரோலும் வாசனைத் திரவங்களும் ஆகா. நூற்பாலைகள் நிறைந்த ஊரில் இருப்பவர்கள் பஞ்சை உருட்டித் துடைக்கலாமே என்று நினைப்பார்கள். செய்யலாம், ஆனால் ஒவ்வொரு துடைப்புக்கும் ஒரு புதிய உருண்டை வேண்டும், முடிந்ததும் ஒட்டிய இழைகளை ஊதித் தள்ள வேண்டும்.

காமிரா இல்லை, கைபேசிதான் இருக்கிறது என்கிறீர்களா? விளக்குகளைச் சுற்றிக் கோடு கோடாக ஒளி இழுக்கிறதா என்று பாருங்கள். அது சட்டைப் பையிலும் விரலிலும் இருந்து ஏறிய எண்ணெய்தான். அங்கேயும் இதே முறை: முதலில் ஊதல், பிறகு துணி.

தூசு எங்கே இருந்தால் படத்தில் தெரியும்?

லென்ஸின் முன்கண்ணாடியில் உள்ள ஒரு சிறு தூசு படத்தில் தெரியவே தெரியாது. வியப்பாக இருக்கிறதா? ஜன்னல் கம்பியோடு கண்ணை ஒட்டி வைத்துத் தெருவைப் பாருங்கள். கம்பி மறைந்துவிட்டது போல் இருக்கும். மிக அருகில் உள்ள பொருள் குவியாமல் எங்கும் பரவி மங்கிவிடுகிறது. லென்ஸ் தூசும் அப்படித்தான். ஆகவே ஒரு பொட்டுத் தூசைப் பார்த்ததும் பதறித் துணியை எடுக்காதீர்கள். தூசு செய்யாத கெடுதலைத் துணி செய்துவிடும்.

ஆனால் பிம்பம் விழும் இடத்தில், அதாவது படச்சுருளின் மேலோ இக்கால டிஜிட்டல் காமிராவின் உணரியின் மேலோ தூசு இருந்தால் கதை வேறு. அது கூர்மையான கரும்புள்ளியாகப் பதிந்துவிடும்.

திண்டுக்கல் மாவட்டத்தின் மலைப்பகுதியான கொடைக்கானலில் 2,343 மீட்டர் உயரத்தில் ஒரு சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1899இல் நிறுவப்பட்டது. 1909இல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டறிந்தார். 1904 முதல் இங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். முதலில் கண்ணாடித் தகடுகளிலும் பின்னர் படச்சுருளிலும் எடுத்த படங்கள், டிஜிட்டல் படங்களாக மாற்றப்பட்டு உலகெங்கும் உள்ள விஞ்ஞானிகளுக்குப் பயன்படுகின்றன.

அங்கே ஒரு தூசு என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சூரியனின் குறுக்களவு ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். அதை 20 சென்டிமீட்டர் அகலப் படமாக எடுத்தால் 1 மில்லிமீட்டர் என்பது 7,000 கிலோமீட்டர். தகட்டின் மேல் 0.2 மில்லிமீட்டர் தூசு ஒன்று உட்கார்ந்தால், சூரியனில் 1,400 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு புள்ளி முளைத்தது போல் இருக்கும்! அது புள்ளியா தூசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொரு படம் எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். சூரியப் புள்ளி அடுத்த படத்திலும் சூரியனின் மேல் அதே இடத்தில் இருக்கும். தகட்டுத் தூசு அந்தத் தகட்டோடு போய்விடும்.

டிஜிட்டல் காமிராவில் உணரி மாறாமல் அங்கேயே இருக்கிறது. எனவே சோதனையைத் திருப்பிச் செய்ய வேண்டும். துளையை எஃப்/16க்குச் சுருக்கி, சூரியன் இல்லாத பக்கமாக வெறும் வானத்தை இரண்டு மூன்று படம் எடுங்கள். காமிராவை எங்கே திருப்பினாலும் எல்லாப் படங்களிலும் ஒரே மூலையில் ஒரு புள்ளி வந்தால், அது உணரியின் மேல் உள்ள தூசு. அதை நீங்கள் துடைக்கப் போக வேண்டாம். பல காமிராக்களில் உணரியை அதிரவைத்துத் தூசை உதறும் ஏற்பாடு உண்டு. அதற்கும் போகவில்லை என்றால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். எஸ்.எல்.ஆர். காமிராவின் உள்ளே உள்ள கண்ணாடியையும் தொடக்கூடாது. அதன் உலோகப் பூச்சு, முகம் பார்க்கும் கண்ணாடியில் இருப்பது போல் பின்னால் இல்லை, முன்னாலேயே இருக்கிறது. ஒரு முறை விரல் பட்டாலும் வடு நிற்கும்.

தோல் உறைக்குள் ஒரு தோட்டம்

இனி அண்ணனின் சிலந்திக் கூட்டுக்கு வருவோம். விசாரித்ததில் விவரம் கிடைத்தது. குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பனிமூட்டத்தில் படம் எடுத்துவிட்டு, ஈரக் காமிராவை அப்படியே தோல் உறையில் போட்டுப் பித்தானை மாட்டியிருக்கிறார். வத்தலக்குண்டு வழியாக ஊர் திரும்பியதும் உறையோடு பீரோவுக்குள் போனது. பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை. அடுத்த கோடை வரை யாரும் திறக்கவில்லை.

பூசண வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. லென்ஸ் குழலுக்குள்ளும் அவை இருக்கும். அதைத் தடுக்க முடியாது. அவை முளைக்க ஈரம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் பல நாள் நீடித்தால் முளைக்கத் தொடங்கும். உணவா? கண்ணாடியை அவை தின்பதில்லை. விரல் எண்ணெய், தூசு, உள்ளே உள்ள மசகெண்ணெய், பசை இவையே போதும். வளரும்போது பூசணம் அமிலங்களைக் கசியவிடுகிறது. அவை பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கின்றன. நூலை அழித்த பிறகும் அதன் தடம் கண்ணாடியில் நிற்பது இதனால்தான்.

தோல் உறைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பல. அங்கே வேலை செய்பவர்களைக் கேட்டால், மழைக்காலத்தில் தோலில் பூசணம் பிடிக்காமல் காப்பது எவ்வளவு பாடு என்று சொல்வார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மெல்ல மெல்லத் திருப்பித் தரும். பயணத்துக்கு அது நல்ல உறை. வருடக்கணக்கில் பூட்டி வைப்பதற்கு மிக மோசமான உறை.

இந்தத் தொல்லை உலகப் போரையே பாதித்தது. இரண்டாம் உலகப் போரில் நியூ கினியின் காடுகளுக்குப் போன ஆஸ்திரேலிய, அமெரிக்கப் படைகளின் தொலைநோக்கிகளும் குறிபார்க்கும் கருவிகளும் சில வாரங்களிலேயே பூசணத்தால் மங்கின. மெல்போர்ன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் உட்படப் பலர் இந்தப் பூசணங்களை ஆராய்ந்து தடுக்கும் வழிகளைத் தேடினார்கள். ஒரு துளி ஈரம் ஒரு பீரங்கியைக் குருடாக்கிவிட்டதே!

குளிரூட்டிய அறையிலிருந்து காமிராவை வெளியே எடுப்பவர்களுக்கும் ஈரம் காத்திருக்கிறது. வெளியே 32 டிகிரி செல்சியஸ் வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 23 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீர்த்துளியாகப் படியும். உங்கள் காமிராவோ 20 டிகிரியில் இருக்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளருக்கு வியர்ப்பது போல லென்ஸுக்கும் வியர்த்துவிடும். வெளியே எடுப்பதற்கு முன் காமிராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். அரை மணி நேரத்துக்குமேல் கழித்துத் திறந்தால், வியர்வை எல்லாம் பையின் மேல்தான்.

வீட்டில் வைப்பதற்கு விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை. மூடியில் ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிறிது சிலிகா ஜெல்லும் போதும். ஒரு கிராம் சிலிகா ஜெல்லின் நுண்துளைகளை எல்லாம் விரித்தால் சில நூறு சதுர மீட்டர் பரப்பு வரும். அதனால்தான் அது ஈரத்தை அப்படி வாரிக் குடிக்கிறது. ஈரம் ஏறியதும் நிறம் மாறும் வகை நல்லது. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். நிறம் மாறியதும், சமையலுக்குப் பயன்படாத பழைய சட்டியில், பெரியவர்கள் துணையோடு, இளஞ்சூட்டில் வறுத்தால் மீண்டும் பயன்படும். சிலிகா ஜெல்லுக்குப் பதிலாக அரிசியைப் போடச் சொல்பவர்கள் உண்டு. அரிசி உறிஞ்சும் ஈரம் கொஞ்சம். தரும் மாவுத் தூசு அதிகம்.

உறைக்கும் டப்பாவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண, இரண்டு பாட்டில்களில் பழைய தோல் துண்டுகளை லேசாக நனைத்துப் போடுங்கள். ஒன்றில் மட்டும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றும் சேருங்கள். மூடி, மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். திறக்காமல், முகராமல், வெளியிலிருந்து மட்டும் பாருங்கள்.

இன்னும் சில. பூட்டு இறுகினால் எண்ணெய் விடுவோம், காமிராவுக்கு விடாதீர்கள். எண்ணெய் ஊர்ந்து ஷட்டர் தகடுகளில் ஏறி ஒட்டிக்கொள்ளும். நெடுநாள் பயன்படுத்தாத காமிராவிலிருந்து பேட்டரியை எடுத்துவிடுங்கள். ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், கையுறை அணிந்து, பஞ்சுக் குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைக்கலாம். அமிலமும் காரமும் நடுநிலையாவது உங்களுக்குத் தெரிந்த பாடம்தானே! பிறகு நீரில் தொட்ட குச்சியால் துடைத்து உலரவிடுங்கள்.

ஆனால் ஃபிளாஷ் விளக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதன் உள்ளே உள்ள மின்தேக்கியில் ஏறக்குறைய 300 வோல்ட் தேங்கியிருக்கும். பேட்டரியை எடுத்த பின்பும் அது அங்கேயே காத்திருக்கும். உயிருக்கே ஆபத்து.

பூசணம் வெயிலில் சாகும் என்று சொல்லி என் அண்ணன் மகன் காமிராவை மொட்டை மாடியில் வைக்கக் கிளம்பினான். நான் தடுத்தேன். லென்ஸ் சூரிய ஒளியைக் குவித்து உள்ளே உள்ள துணி ஷட்டரைப் பொசுக்கிவிடும் அல்லவா? பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் கண்ணாடிகளைப் பிரித்துச் சுத்தம் செய்தோம். நூல்கள் போயின; ஓரத்தில் நரம்பு போன்ற ஒரு தடம் போகவில்லை. சாதாரணப் படங்களில் அது தெரிவதில்லை. விளக்குக்கு எதிரே எடுத்தால் மட்டும் படம் சற்று வெளிறுகிறது.

இப்போது அந்தக் காமிரா ஒரு முறுக்கு டப்பாவில் இருக்கிறது. தோல் உறை தனியே ஆணியில் தொங்குகிறது. சிலிகா ஜெல்லை வறுக்கும் நாளை அண்ணன் மகன் காலண்டரில் குறித்து வைக்கிறான். சென்ற கார்த்திகையில் மட்டும் இரண்டு முறை வறுக்க வேண்டியிருந்ததாம்.